எல்லாக் குதிரையும் 'புள்ளிக் குதிரை' தானா?

தாழைமடல்:
ஓர் ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தின் வடக்கே, கம்பிரியாவில், ஆப்பிள்பி என்ற சிற்றூரில் ஜூன் மாதம் கூடும் குதிரைச் சந்தைதான் களம். நாடோடிக் குடும்பங்கள் தங்கள் குதிரைகளை ஈடன் ஆற்றில் இறக்கிக் குளிப்பாட்டுகிறார்கள். அந்த ஒரே பத்தியில் பைபால்ட், ஸ்கியூபால்ட், ரோன், டேப்பிள் கிரே என்று நான்கு குதிரைகள். அடுத்த பக்கத்தில் ஒரு பிரிண்டில் நாயும் ஒரு டார்ட்டாய்ஸ்ஷெல் பூனையும். என்னிடம் உள்ள அகராதி எல்லாவற்றுக்கும் 'பல நிறப் புள்ளிகள் கொண்ட' என்கிறது. பதிப்பாசிரியரும் 'புள்ளிக் குதிரை' போதும் என்கிறார். ஆனால் பைபால்ட் வாங்கப் போனவன் தலையில் ஸ்கியூபால்டைக் கட்டிவிடுகிறார்கள். கதையே அந்தச் சண்டைதான். என்ன செய்வது?

கொம்பன்:
அம்மா, நான் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன். 'புள்ளிக் குதிரை' என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் புள்ளிமான்தான் வந்து நிற்கும். உங்கள் பதிப்பாசிரியர் குதிரைக்கு அருகில் நின்றதில்லை என்று நினைக்கிறேன்.

நிறத்தை எண்ணாதீர்கள். இரண்டு நிறங்களும் எப்படிச் சேர்கின்றன என்று பாருங்கள். பைபால்டில் கறுப்பும் வெள்ளையும் பெரிய பெரிய திட்டுகளாக, வரப்புப் போட்டதுபோல் பிரிந்து கிடக்கும். 'பை' என்பது மேக்பை என்ற கருவெள்ளைப் பறவையிலிருந்து வந்தது. 'பால்ட்' என்றால் இங்கே வழுக்கை அல்ல; வெள்ளைத் தழும்பு என்ற பழைய பொருள். வெள்ளையோடு கறுப்பைத் தவிர வேறு நிறம், அதாவது செம்பழுப்போ தவிட்டு நிறமோ சேர்ந்தால் ஸ்கியூபால்ட். ஆகவே 'கருவெள்ளைத் திட்டுக் குதிரை', 'செவ்வெள்ளைத் திட்டுக் குதிரை' என்று வைத்துக்கொண்டால் சண்டையும் புரியும்.

ஆற்றில் குளிக்கும் காட்சி என்கிறீர்களே, அது உங்களுக்கு நல்ல வாய்ப்பு. வெள்ளைத் திட்டின் அடியில் தோல் இளஞ்சிவப்பாக இருக்கும்; கறுப்புத் திட்டின் அடியில் தோலும் கறுப்பு. மயிர் நனைந்து ஒட்டியதும் அந்தச் சிவப்பு வெளியே தெரியும். மூலத்தில் குதிரை 'பிங்க்' ஆனதாக எங்காவது வந்தால் அச்சுப்பிழை என்று எண்ணித் திருத்திவிடாதீர்கள்.

ரோன் முற்றிலும் வேறு. அதில் திட்டே கிடையாது. வெள்ளை மயிரும் நிற மயிரும் ஒவ்வொன்றாகக் கலந்திருக்கும். தலையும் கால்களின் கீழ்ப்பகுதியும் மட்டும் வெள்ளை அதிகம் கலக்காமல் அடர்நிறமாகவே நிற்கும். கறுப்போடு கலந்தால் நீல ரோன், செம்பழுப்போடு கலந்தால் ஸ்ட்ராபெரி ரோன். 'நரை கலந்த' என்று எழுதிவிடாதீர்கள், கிழக்குதிரை என்று பொருளாகிவிடும்.

மேட்டுக்காட்டான்:
எங்கள் கொங்குப் பக்கத்தில் மாட்டுக்கு மயிலை (சாம்பல்), செவலை (சிவப்பு), காரி (கறுப்பு), மறை (திட்டு உள்ளது) என்று எத்தனை சொற்கள் இருக்கின்றன! டேப்பிள் கிரேயை 'மயிலைக் குதிரை' என்றால் முடிந்தது. காங்கேயம் கன்றுகூடச் செந்நிறமாகப் பிறந்து, ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறுகிறது. அந்தக் குதிரையும் நிறம் மாறுவதுதானே?

கொம்பன்:
தம்பி, ஒப்பீடு பாதி சரி. கிரே குதிரை பெரும்பாலும் கருமையாகவோ செம்பழுப்பாகவோ பிறந்து, ஆண்டுக்கு ஆண்டு வெளுத்துக்கொண்டே போகும். இடையில் சில ஆண்டுகள் உடம்பெங்கும் வெளிர் வட்டங்களும் அவற்றைச் சுற்றிக் கருத்த வளையங்களுமாகத் தெரியும். அதுதான் டேப்பிள். கடைசியில் முழு வெள்ளையானாலும் குதிரைக்காரர்கள் அதைக் கிரே என்றுதான் சொல்வார்கள். மயிலை என்ற சொல் நிறத்தைச் சொல்லிவிடுகிறது, வளையத்தைச் சொல்லவில்லை. தவிர, மயிலை என்றதும் நம் வாசகருக்குத் திமிலோடு ஒரு காளை வந்துவிடும். ஆப்பிள்பியில் திமில் எதற்கு? 'வளையம் படர்ந்த சாம்பல் குதிரை' என்பேன். ஆனால் 'மறை' என்ற சொல்லை எனக்கும் விட மனமில்லை. திட்டு என்பதைவிட அழகாகத்தான் இருக்கிறது.

நூல்கண்டு:
பூனையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆரஞ்சும் கறுப்பும் விரவிக் கிடந்தால் டார்ட்டாய்ஸ்ஷெல், அதாவது ஆமையோட்டு நிறம். வெள்ளையும் சேர்ந்தால் திட்டுகள் பெரிதாகித் தெளிவாகும். அதைத்தான் அமெரிக்கர்கள் கேலிகோ என்கிறார்கள். அந்தப் பெயர் நம் பக்கத்துக் கோழிக்கோட்டுத் துணியிலிருந்து போனது. தங்கள் நெசவாளர்களுக்காக 1721-இல் சட்டம் போட்டு அந்த அச்சுத் துணியைத் தடுத்தார்கள் ஆங்கிலேயர்கள். துணியைத் தடுத்தார்கள், பெயர் கடல் தாண்டிப் பூனை மேல் ஏறிக்கொண்டது. கேலிகோ என்று எழுதாததால், உங்கள் கதாசிரியர் பிரிட்டிஷ்காரர் போலும்.

கொம்பன்:
அதோடு, அந்தப் பூனையைத் தவறியும் 'கடுவன்' ஆக்கிவிடாதீர்கள். ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெட்டைக்கு எக்ஸ் இரண்டு; ஒவ்வொரு செல்லிலும் ஒன்று அடங்கிவிடும். இதை மேரி லயன் 1961-இல் விளக்கினார். எது எங்கே அடங்கியது என்பதைப் பொறுத்து ஓரிடம் ஆரஞ்சு, ஓரிடம் கறுப்பு. கடுவனில் இந்த நிறம் மிக அரிது. அமைந்தாலும் பொதுவாகக் குட்டி போட வைக்காது.

நாய் எளிது. பிரிண்டில் என்றால் பழுப்பின் மேல் கருங்கோடுகள். 'வரிநாய்' என்றே எழுதுங்கள்.

தாழைமடல்:
ஐயா, மூலத்தில் பூனை 'ஷி' தான், பிழைத்தேன். செவ்வெள்ளை மறை, கருவெள்ளை மறை என்றே வைத்துக்கொள்கிறேன். முதல் இடத்தில் மட்டும் திட்டு என்று விளக்கிவிடுவேன். இன்னும் ஒன்று: ஆற்றங்கரையில் நிற்கும் கிழவியின் கை 'மாட்டில்ட்' என்று வருகிறது. மரத்தடி வெளிச்சத்துக்கு 'டேப்பிள்ட்' என்று எழுதியிருக்கிறார்.

கொம்பன்:
கிழவியின் கை குளிர்ந்த நீரில் நனைந்திருந்தால் 'திட்டுத்திட்டாகச் சிவந்து நீலம் பாரித்த கை'. மரத்தடிக்குப் பெயரடையே வேண்டாம். 'இலைகளின் ஊடே வெயில் சிதறிக் கிடந்தது' என்று வினையாக எழுதிவிடுங்கள். பதிப்பாசிரியர் மறுபடியும் புள்ளி என்றால் என்னிடம் அனுப்புங்கள்.