பாதி கட்டிய போர்க்கப்பல்கள் ஏன் விமானந்தாங்கிகள் ஆயின?

கேள்வி:
அமெரிக்காவின் லெக்சிங்டன், சரடோகா, ஜப்பானின் அகாகி, காகா ஆகிய நான்கு விமானந்தாங்கிகளுமே முதலில் பீரங்கிக் கப்பல்களாகக் கட்ட ஆரம்பித்தவை என்று படித்ததிலிருந்து ஒரே குழப்பம். 1920களில் கடற்படை விமானம் என்றால் துணி போர்த்திய இரட்டைச் சிறகு விமானம்தானே, அதை நம்பி இவ்வளவு பெரிய கப்பல்களை ஏன் மாற்றினார்கள்? எங்கே பார்த்தாலும் "வாஷிங்டன் ஒப்பந்தம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.

பதில் 1:
விஷயம் ஒப்பந்தத்தின் கணக்கில் இருக்கிறது. கடற்படைகளின் அளவைக் கட்டுப்படுத்தும் இந்த ஒப்பந்தத்தில் 1922இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், பிரான்ஸ், இத்தாலி ஐந்தும் கையெழுத்திட்டன. போர்க்கப்பல் 35,000 டன்னைத் தாண்டக் கூடாது, பீரங்கி 16 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, கட்டிக்கொண்டிருந்தவற்றில் பெரும்பாலானவற்றை உடைத்துவிட வேண்டும். ஆனால் விமானந்தாங்கிகளுக்குத் தனி ஒதுக்கீடு இருந்தது: அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் தலா 135,000 டன், ஜப்பானுக்கு 81,000. ஒரு கப்பலுக்கு 27,000 டன்தான் வரம்பு, ஆனால் உடைக்க வேண்டிய கப்பலை மாற்றிக் கட்டினால் இரண்டை மட்டும் 33,000 டன் வரை கொண்டுபோகலாம். கொட்டிய பணமும் எஃகும் வீணாகாமல் இருக்க இதைவிட நல்ல வழி கிடையாது. அப்புறம் காகா முதலில் பட்டியலிலேயே இல்லை. அகாகியோடு சேர்த்து மாற்றவிருந்த அமாகி என்ற ஜப்பானியக் கப்பலின் உடல் 1923 நிலநடுக்கத்தில் சேதமானதால் அதன் இடத்துக்கு வந்தது.

பதில் 2:
இதோடு வேகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கு அதுதான் முக்கியமாகத் தெரிகிறது. எதிர்காற்றில் கப்பல் எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு குறைந்த ஓட்டத்தில் விமானம் எழும்பிவிடும். லெக்சிங்டன் வகை, கவசத்தைக் குறைத்து வேகத்துக்காகவே வரைந்த உடல். சுமார் 270 மீட்டர் நீளம், 33 நாட் வேகம் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). அப்போதைய அமெரிக்கப் போர்க்கப்பல்கள் 21 நாட் வேகத்தில்தான் போயின. ஆனாலும் அட்மிரல்களுக்கு முழு நம்பிக்கை வரவில்லை, 8 அங்குலப் பீரங்கி எட்டை மேல்தளத்திலேயே வைத்தார்கள். 1929 ஜனவரி பயிற்சியில் சரடோகா முக்கியப் படையை விட்டுப் பிரிந்து, இரவெல்லாம் ஓடி, விடிவதற்கு முன்பே பனாமா கால்வாயைத் 'தாக்க' விமானங்களை அனுப்பியது. மெதுவாகப் போகும் கப்பலால் அதைச் செய்திருக்கவே முடியாது.

கேள்வி கேட்டவர்:
இப்போது புரிகிறது, நன்றி. சரி, ஒப்பந்தமே இல்லையென்றால் விமானந்தாங்கிகள் வந்திருக்காதா?

பதில் 3:
வந்திருக்கும். நிலக்கரிக் கப்பலிலிருந்து மாற்றிய அமெரிக்காவின் லாங்லியும் ஜப்பானின் ஹோஷோவும் 1922லேயே சேவைக்கு வந்துவிட்டன. ஆனால் லாங்லியின் வேகம் 15 நாட்தான். ஒப்பந்தம் கொடுத்தது பெரிய கப்பல் அளவைத்தான். 1937இல் டெவாஸ்டேட்டர் போன்ற கனமான உலோக ஒற்றைச் சிறகு விமானங்கள் வந்தபோது, துணி விமானங்களுக்காக அமைத்த அந்த நீண்ட தளங்கள் அவற்றையும் தாங்கின. அதே சமயம் 1934இல் வந்த ரேஞ்சரைப் பாருங்கள், விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டிய முதல் அமெரிக்கக் கப்பல். ஒதுக்கீட்டில் மிச்சமிருந்த டன்னுக்குள் நிறையக் கப்பல்கள் வேண்டும் என்று சுமார் 14,500 டன்னில் கட்டினார்கள், சிறியதாகப் போய்விட்டது. அடுத்து வந்த யார்க்டவுனுக்கு 20,000 டன்னுக்குப் போக வேண்டியிருந்தது.