எண்ணூர் முகத்துவாரத்தில் நண்டுக் கணக்கு: ஒரு சட்டத்தில் 14, பக்கத்தில் 0

பிளஸ்டூ_எண்ணூர்:
இனக்கூட்ட அடர்த்தி புராஜெக்டுக்கு அலையாத்திச் செடிகளுக்குப் பக்கத்துச் சேற்றில் பிடில் நண்டு வளைகளை எண்ணுறோம். சேற்றில் போட்டு உள்ளே எண்ணுற சட்டம் (ஃபிரேம்) 50 செ.மீ. சதுரம். 12 தடவை போட்டதில் 0, 0, 14, 3, 9, 0, 1, 11, 0, 6, 2, 2. இவ்வளவு ஏத்த இறக்கம் இருந்தா தப்பா எண்ணிட்டோம்னு அர்த்தமா? நண்டு முதுகில் நெயில் பாலிஷ் வச்சு மறுபடி பிடிச்சும் கணக்கிடலாமா?

சேத்துநிலம்:
எண்ணிக்கை தப்பில்லை. மொத்தம் 48 வளை, பரப்பு 12 × 0.25 = 3 ச.மீ. அப்படியானால் ச.மீ.க்கு 16. ஒரு சட்டத்துக்குச் சராசரி 4, மாறுபாட்டளவு (எண்கள் சராசரியைவிட்டு எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு, variance) சுமார் 23.6. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கிட்டத்தட்ட 6 வருகிறது. 1க்குப் பக்கத்தில் இருந்தால் சீரற்ற பரவல் (தற்செயலாக அங்கங்கே), இவ்வளவு தாண்டினால் கொத்துப் பரவல் (சில இடங்களில் மட்டும் கூட்டமாக). அந்தப் பூஜ்ஜியங்களை அடித்துவிடாதீர்கள். அடித்தால் 8 சட்டம், 2 ச.மீ., அடர்த்தி பொய்யாக 24க்கு ஏறிவிடும்.

சட்டத்தைக் கையால் வீசினீர்களா? வீசினால் கண் வளை தெரியும் பக்கமே போகும். இரண்டு அளவு நாடாக்களை செங்குத்தாக விரித்து, சீட்டுக் குலுக்கி வரும் இரண்டு எண்கள் சந்திக்கும் இடத்தில் வையுங்கள்.

இன்னொன்று, வளை வேறு, நண்டு வேறு. காலி வளையும் உண்டு. சட்டத்துக்கு வெளியே 20 வளை வாய்களைச் சேற்றால் மூடி, குச்சி நட்டு, மறுநாள் தண்ணீர் வற்றியதும் பாருங்கள். உள்ளிருக்கும் நண்டு 15ஐத் திறந்திருந்தால் ச.மீ.க்கு 16 × 0.75 = 12 நண்டு. காலடி அதிர்வுக்கே நண்டு உள்ளே ஓடிவிடும் என்பதால், நண்டையே எண்ணுவதென்றால் 10 நிமிடமாவது அசையாமல் நிற்க வேண்டும்.

நத்தை_நோட்டு:
நெயில் பாலிஷ் நண்டுக்கு வேண்டாம். தோலுரிக்கும்போது குறியும் ஓட்டோடு போய்விடும். சேற்று நத்தையில் செய்யுங்கள். ஓட்டைத் துணியால் துடைத்து, வாய்ப்பக்கம் படாமல் கடுகளவு புள்ளி, நன்றாகக் காய்ந்த பிறகே விடுங்கள். பெரிய பளிச் புள்ளி பறவைக்குத்தான் வசதி.

40 குறியிட்டு, ஒரு நாள் கலக்கவிட்டு 50 பிடித்தால், அதில் குறியிட்டவை 8 என்றால் மொத்த நத்தைகள் சுமார் 40 × 50 ÷ 8 = 250. அந்த எட்டில் 3 புள்ளி உதிர்ந்திருந்தால் 5 மட்டுமே கண்ணில் படும், விடை 400 ஆகிவிடும்! அதனால் குறியிட்ட 5 நத்தைகளை முதலில் ஒரு வாளி உவர்நீரில் ஒரு நாள் போட்டுப் புள்ளி நிற்கிறதா என்று பாருங்கள்.

சேத்துநிலம்:
ஆமாம், அது அவசியம். அங்கே அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த திட்டும் இருக்கும். அதைக் கருஞ்சேற்றோடு கலக்காமல் தனியாக 12 சட்டம் போட்டுத் தனி அட்டவணையில் எழுதுங்கள். ரப்பர் பூட்ஸ், கையுறை கட்டாயம். ஓத அட்டவணை (கடல் நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்) பார்த்து, தண்ணீர் ஏறத் தொடங்கும் முன்பே கரைக்கு வந்துவிடுங்கள்.