ஆண் எலி, பெண் எலி: இதயச் சேதத்தை ஒப்பிடும்போது முடிவுகள் சிதறுவது ஏன்?

கேள்வி (கொழும்பு 8): விஸ்டார் என்ற ஆய்வுக்கூட இன எலிகளில், இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் இடது முன் இறங்கு முடியுரு நாடியை 30 நிமிடம் கட்டி, பிறகு 2 மணி நேரம் இரத்தம் ஓடவிடுகிறோம். பெண் எலிகளில் சேதம் குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தோம். முடிவுகளோ ஒன்றுக்கொன்று ஒட்டவேயில்லை. எங்கே பிழை?

பதில் 1: இறந்த பகுதியை எதனால் வகுக்கிறீர்கள் தங்கச்சி? முழு இடது இதயவறையால் என்றால் அதுதான் பிழை. கட்டு கொஞ்சம் மேலே போனாலே இரத்தம் கிடைக்காத பரப்பு பெருத்துவிடும். முடிவில் அதே நூலை மீண்டும் இறுக்கி ஈவன்ஸ் நீலம் என்ற சாயத்தை இரத்தத்தில் ஏற்றுங்கள். நீலம் ஏறாத இடம்தான் ஆபத்துப் பரப்பு, அதனால் வகுங்கள். இதயத்தை 2 மில்லிமீற்றர் துண்டுகளாக வெட்டி, 1 சதவீத டிடிசி (TTC) சாயக் கரைசலில், 37 பாகையில், 15 நிமிடம் வையுங்கள். உயிருள்ள தசை செங்கல் நிறமாகும், இறந்தது வெளிறியே இருக்கும். இரத்தம் ஓடவிடும் நேரத்தைக் குறைக்க வேண்டாம். சாயத்தைச் சிவக்கவைக்கும் நொதியம் இறந்த தசையிலிருந்து கழுவிப் போகாவிட்டால் அதுவும் சிவக்கும்.

பதில் 2: பெண் எலிகளின் இனப்பெருக்கச் சுழற்சியைப் பார்த்தீர்களா? அது 4, 5 நாள்தான். தினமும் ஒரே நேரத்தில் யோனிப் பூச்சு எடுங்கள்: கருவுள்ள மேலணிக் கலங்கள் கூட்டமாகத் தெரிந்தால், இதயத்தைக் காக்கும் பெண் ஓமோனான ஈஸ்திரஜன் உச்சத்தை ஒட்டிய கட்டம். சூலகம் அகற்றிய குழுவும் வேண்டும், 2 வாரமாவது பொறுத்து. தீவனத்தில் சோயா இருந்தால் அதுவே ஈஸ்திரஜன்போல வேலை செய்யும். மயக்கத்துக்கு ஐசோஃப்ளூரேனா? அதுவும் இதயத்தைக் காக்கும், வித்தியாசம் மங்கிப்போகும்.

கேட்டவர்: ஐசோஃப்ளூரேன்தான் அண்ணா. தீவனப் பையிலும் சோயாப் புண்ணாக்கு என்று போட்டிருக்கு.