மாத்திரை போட்டபின் சுகர் அளவுக்கு மீறி இறங்கிப் போனதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈசூன்வாசி:
அப்பாவுக்கு நீரிழிவு வந்து பல வருடம் ஆகிறது. சுகரைக் குறைக்க மெட்ஃபார்மின், கூடவே கிளிபிசைடு என்று இரண்டு மாத்திரை. போன மாதம் தேக்கா பக்கம் ஒரு கோயில் விசேஷம். வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "அன்னதானத்தில் சாப்பிட்டுக்கலாம்" என்று கிளம்பிவிட்டார். அபிஷேகம் நீண்டுபோய், இலை போடவே மதியம் தாண்டிவிட்டது. வரிசையில் நிற்கும்போதே சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்வை, கை நடுக்கம், நான் ஒன்று கேட்டால் அவர் வேறு ஏதோ சொல்கிறார். குத்திப் பார்த்தால் 3.1. (ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு: இங்கே சிங்கப்பூரில் மில்லிமோல் கணக்கு. 18-ஆல் பெருக்கினால் உங்கள் கணக்கில் 56 வரும்.)

பக்கத்துக் காப்பிக்கடைக்கு ஓடினேன். அப்பா வழக்கமாகப் போகும் கடை. என் தலையைப் பார்த்ததுமே அந்த அக்கா தே ஓ கொசோங் (பாலும் சீனியும் இல்லாத டீ) கலக்க ஆரம்பித்துவிட்டார். "அக்கா, இன்னைக்குச் சீனி போடுங்க, நல்லாவே போடுங்க!" குடித்துக் கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். அப்புறம் வயிறாரச் சாப்பாடு.

அடுத்த முறை மருந்து வாங்கப் போனபோது மருந்தாளரிடம் சொன்னேன். மருந்துப் பையின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு விளக்கினார். அதுதான் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல். சாப்பிட்டதும் ரத்தச் சர்க்கரை அந்தச் செல்லுக்குள் போய் எரிகிறது, அதில் கிடைக்கும் ஆற்றலைத் தாங்கும் ஏடிபி என்ற பொருள் கூடுகிறது. ஏடிபி கூடினால் செல்லின் சவ்வில் உள்ள பொட்டாசியம் வழி மூடிக்கொள்ளும். அதனால் மின்னழுத்தம் மாறி, கால்சியம் வழி திறக்கும். கால்சியம் உள்ளே பாய்ந்ததும், தயாராகக் கட்டி வைத்திருக்கும் இன்சுலின் வெளியே கொட்டும். கிளிபிசைடு இடையில் புகுந்து அந்தப் பொட்டாசியம் வழியை நேராக மூடிவிடுகிறதாம். சர்க்கரை வந்ததா இல்லையா என்று அது பார்ப்பதே இல்லை. "பஸ்ஸில் யாரும் இறங்காவிட்டாலும் பெல்லை அழுத்துற பையன் மாதிரி" என்றார். "சாப்பாட்டுக்கு முன்னால்" என்று பையில் அச்சடித்திருப்பதை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அதற்குப் பின்னால் சாப்பாடு நிச்சயம் வரவேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

ஜூரோங் அக்கா:
எங்கள் வீட்டுக்காரரும் இதே மாத்திரைதான், காலை ஒன்று, இரவு ஒன்று. நோன்பு மாதத்துக்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிடுவோம். பெரிய அளவை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றி, சஹருக்கு (விடியலுக்கு முன் சாப்பாடு) பாதியாகக் குறைத்துக் கொடுத்தார். காரணம் இப்போதுதான் விளங்குகிறது. பகல் முழுக்கச் சாப்பாடு இல்லாதபோது மாத்திரை மட்டும் வேலை செய்தால் என்ன ஆகும்! விரலைக் குத்திப் பார்த்தால் நோன்பு முறியாது, 4-க்குக் கீழே போனால் உடனே திறந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். முதல் வருடம் மனுஷர் கேட்கவில்லை, "அசருக்கு (மாலைத் தொழுகை) அப்புறம் கொஞ்ச நேரம்தானே" என்றார். பேரீச்சம்பழத்தை நானே வாயில் வைத்தேன்.

புவன விஸ்தா:
நான் ஆய்வகத்தில் வேலை செய்கிறவன். மருந்தாளர் வரைந்ததைத் தினமும் கண்ணால் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பீட்டா செல்கள் தனித்தனியாக இருப்பதில்லை, சின்னச் சின்னத் திட்டுகளாக இருக்கும். ஒரு திட்டு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். எலியிலிருந்து எடுத்த திட்டில் கால்சியத்தைக் காட்டும் சாயத்தை ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் வைப்போம். திரவத்தில் குளுக்கோஸ் 3 மில்லிமோல் என்றால் இருட்டு. 11-க்கு ஏற்றினால் சில நிமிடத்தில் திட்டு முழுவதும் பளிச்சென்று ஒளிரும், மங்கும், மறுபடி ஒளிரும், எல்லாச் செல்லும் ஒன்றாக. இப்போது குளுக்கோஸைத் திரும்ப 3-க்கு இறக்கி, கிளிபிசைடின் சொந்தக்கார மருந்தான டோல்புடமைடைச் சேர்த்தால்? அப்போதும் ஒளிரும்! கோயில் வரிசையில் உங்கள் அப்பாவுக்கு நடந்தது அதுதான்.

அதே 3-ல் ஜிஎல்பி-1 சேர்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுமே நடக்காது. சாப்பிடும்போது குடலில் சுரக்கும் ஹார்மோன் அது. செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற வேறொரு சமிக்ஞையைக் கூட்டும். ஆனால் சர்க்கரை ஏற்கெனவே கால்சியத்தை உள்ளே விட்டிருந்தால்தான் அதற்குப் பலம். சிட்டாகிளிப்டின் வகை மாத்திரைகள் இந்த ஹார்மோன் சீக்கிரம் அழியாமல் காப்பவை. தனியாகக் கொடுத்தால் அவற்றால் சுகர் அளவுக்கு மீறி இறங்குவது அபூர்வம்.

கிளிபிசைடு குடும்பத்தை வில்லனாக்கிவிடவும் கூடாது. அந்தப் பொட்டாசியம் வழியை 1984-ல் ஆக்ஸ்ஃபர்டில் பிரான்சிஸ் ஆஷ்கிராஃப்ட் குழு விளக்கியது. 2004-ல், பிறந்த சில மாதங்களிலேயே நீரிழிவு வரும் குழந்தைகள் பலருக்கு அந்த வழியின் மரபணுவிலேயே பழுது என்று தெரியவந்தது. வழி மூடவே மூடாது, இன்சுலின் வெளியே வராது. அவர்களில் பெரும்பாலோர் இந்த வகை மாத்திரைக்கு மாறி இன்சுலின் ஊசியையே விட்டார்கள். எனக்குத் தெரிந்து நீரிழிவு ஆராய்ச்சியில் இதைவிட அழகான கதை கிடையாது.

செங்காங்:
மாமியார் மாத்திரையோடு பாகற்காய்ச் சாறும் குடிக்கிறார். டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?

ஜூரோங் அக்கா:
கண்டிப்பாகச் சொல்லுங்க. அதுவும் கொஞ்சம் இறக்கும் என்கிறார்கள். வெறும் வயிற்றில் இரண்டும் சேர வேண்டாமே.

ஈசூன்வாசி:
புவன விஸ்தா, நன்றி. டாக்டரிடம் இதையே கேட்டேன். அப்பாவுக்கு 70 தாண்டிவிட்டதால் கிளிபிசைடை நிறுத்தி, சிட்டாகிளிப்டின் எழுதிக் கொடுத்தார். விலை கூடத்தான், மெடிசேவில் (இங்குள்ள மருத்துவச் சேமிப்புக் கணக்கு) கழித்துக்கொள்கிறோம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7.1 சதவீதத்திலிருந்து 7.4 சதவீதம் ஆகியிருக்கிறது. இந்த வயதில் மயங்கி விழுவதைவிட அது எவ்வளவோ மேல் என்றார் டாக்டர். அப்பா மட்டும், "அந்த மாத்திரையே நல்லா வேலை செஞ்சுது" என்று இன்னும் முணுமுணுக்கிறார்.