புதுப்பிப்பு: கேன்டீன் காட்சிக்கு எந்த டேக்?

எங்கள் மாணவர் நகைச்சுவைப் படத்தின் டிரெய்லருக்கு, கேன்டீன் காட்சியின் இரண்டு டேக்குகளில் (ஒரே காட்சியைத் திரும்ப எடுத்த பதிவுகள்) எதை எடுப்பது என்று கேட்டிருந்தேன். ஒன்றில் நடிப்பு அருமை, ஆனால் ஃபேன் இரைச்சல். மற்றதில் ஒலி சுத்தம், சிரிப்புதான் வரவில்லை.

நடிப்பு நன்றாக இருந்ததையே வைத்துவிட்டோம். இரைச்சலை ஓரளவு குறைக்கலாம், வராத சிரிப்பை எடிட்டிங்கில் கொண்டுவர முடியாது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டி, நாய்ஸ் ரிடக்‌ஷனை லேசாக மட்டும் போட்டோம். அதிகம் போட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடுகிறது. இரைச்சலில் அமுங்கிய ஓரிரு சொற்களை மட்டும் சுத்தமான டேக்கிலிருந்து எடுத்து உதட்டசைவோடு பொருத்தினோம். வெட்டுகளுக்கு அடியில் ரூம் டோன் (யாரும் பேசாதபோது அந்த இடத்தில் கேட்கும் பின்னணி ஒலி) ஓடவிடச் சொன்னவருக்குத் தனி நன்றி. ஃபேன் சத்தம் இப்போது விட்டுவிட்டுக் கேட்கவில்லை.

அப்புறம், பஞ்ச் வசனத்துக்குச் சற்று முன்பே இசையைச் சட்டென நிறுத்தினோம். வசனம் முடிந்ததும் நண்பன் திருதிருவென விழிக்கும் ஷாட்டைச் சில பிரேம்கள் நீட்டினோம். 24 பிரேம் வேகத்தில் ஒரு பிரேம் சுமார் 42 மில்லி செகண்ட்தான், ஆனாலும் சிரிப்பு அங்கேதான் வருகிறது!

யூடியூபுக்காக ஒலியளவு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு). டைட்டில் கார்டு இசை மட்டும் பாக்கி.