கத்தரி எதைக் கண்டு பயந்தது?

காவிரிக்கரையான்:
அந்தக் காலத்துத் தணிக்கை இன்றும் இருந்திருந்தால் சினிமா இவ்வளவு கெட்டிருக்காது என்று இங்கே சிலர் வருந்துகிறீர்கள். அந்தத் தணிக்கை எதை வெட்டியது என்று தெரிந்துகொண்டு வருந்தலாம். 1918ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்படி 1920இல் சென்னையில் அமைந்த தணிக்கை வாரியத்துக்குத் தலைவர் போலீஸ் கமிஷனர். அடுத்த ஆண்டே ‘பக்த விதுரர்’ படத்துக்கு இங்கே தடை வந்தது. பாரதத்து விதுரர் திரையில் கதரும் குல்லாயுமாகக் காந்தியைப் போலத் தோன்றியதுதான் அதற்குக் காரணம். அதே வெள்ளையர் ஆட்சியில், 1929இல் வந்த ‘பிரபஞ்ச பாஷ்’ படத்தில் நாயகனும் நாயகியும் முத்தமிட்டுக்கொள்வதை இன்றும் காணலாம். முத்தம் திரையை விட்டுப் போய், அந்த இடத்தில் இரண்டு பூக்கள் உரசிக்கொள்ளத் தொடங்கியதெல்லாம் நம்மவர் ஆட்சிக்கு வந்த பிறகுதான்.

திண்ணைவாசி:
அந்நிய அரசின் அச்சத்தைக் காட்டித் தணிக்கையே கூடாது என்று சொல்வது நியாயமாகாது. திரைப்பட இயக்குநர் கே. ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில் 1970இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மற்றக் கலைகளைவிடத் திரைப்படம் மனத்தை ஆழமாக அசைக்க வல்லது என்பதால் அதற்கு முன்தணிக்கை செல்லும் என்றே கூறியது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு படம் பார்க்கும் நாட்டில் ஓர் அளவுகோல் வேண்டாமா?

காவிரிக்கரையான்:
வேண்டும்தான், ஆனால் அதை யார் கையில் கொடுப்பது? கே. சுப்ரமணியத்தின் ‘தியாக பூமி’யை எடுத்துக்கொள்ளுங்கள். சேர்ந்து வாழ வா என்று வழக்குப் போட்ட கணவனிடம், வேண்டுமானால் உமக்கு நான் ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள் நாயகி சாவித்திரி. 1939இல் குடும்ப ஒழுக்கத்துக்கு இதைவிடப் பெரிய அதிர்ச்சி இருந்திருக்க முடியாது. ஆனாலும் அந்த ஆண்டு மே மாதம் படம் வெளிவந்து ஓடியது. அக்டோபரில் காங்கிரஸ் மந்திரிசபை விலகிய பிறகுதான் தடை வந்தது. அரசை உறுத்தியது படத்தின் தேசியப் பிரசாரம், சாவித்திரி அல்ல.

திண்ணைவாசி:
இதில் உங்கள் பக்கம் நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘ஒரே ஒரு கிராமத்திலே’ வழக்கை ஏன் தொடாமல் விட்டீர்கள்? இட ஒதுக்கீட்டை விமர்சித்த அந்தப் படத்துக்கு எல்லா வயதினரும் பார்க்கலாம் என்ற ‘யு’ சான்றிதழை வாரியம் தந்தது; எதிர்ப்புக் கிளம்பி, உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1989இல் உச்ச நீதிமன்றம், மிரட்டலுக்கு அஞ்சிக் கருத்துரிமையை அடக்க முடியாது என்று சொல்லிச் சான்றிதழை மீட்டுக் கொடுத்தது. அங்கே வாரியம் படத்துக்குக் கேடயமாக நின்றது. வாரியமே இல்லையென்றால் ஊருக்கு ஊர் ஒவ்வொரு சங்கமும் கத்தரியைத் தூக்கிக்கொண்டு வரும்.

காவிரிக்கரையான்:
அந்தக் கேடயத்தில் ஓட்டை விழுந்ததை 2013 ஜனவரியில் நாம் எல்லோருமே பார்த்தோம். சான்றிதழ் பெற்றிருந்த ‘விஸ்வரூபம்’ படத்தை மாவட்ட ஆட்சியர்கள் 144 தடை உத்தரவால் நிறுத்தினார்கள். வசனங்கள் சிலவற்றை ஒலியற்றதாக்க இசைந்த பிறகே பிப்ரவரி 7ஆம் தேதி தமிழ்நாட்டில் படம் வந்தது.

பழைய ஆபரேட்டர்:
நான் இருபது வருடம் புரொஜெக்டர் ஓட்டியவன், ஒன்று சொல்கிறேன். படத்துக்கு முன்னால் காட்டும் சான்றிதழின் கீழே இடது மூலையில் ஒரு சிறு முக்கோணம் இருந்தால், வாரியம் அந்தப் படத்தில் வெட்டியிருக்கிறது என்று பொருள். ஜனங்கள் அதைப் பார்ப்பதே இல்லை. தட்டில் முறுக்கு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அளவுகோல் மாறுவதைப் பற்றிப் பேசுகிறீர்களே, அன்று கதாநாயகன் சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடித்தால் விசில் பறந்தது. 2012க்குப் பிறகு அதே சிகரெட்டுக்கு அடியில் எச்சரிக்கை வாசகம் ஓடுகிறது. வெட்டாமல் எழுதிக் காட்டும் இந்த வழிதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

திண்ணைவாசி:
ஆபரேட்டர் ஐயா சொல்வதை ஏற்கிறேன். திரைப்படச் சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தமும், பெற்றோர் வழிகாட்டலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்ற ‘யுஏ’ சான்றிதழை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்து ஏறத்தாழ அந்த வழியில்தான் போகிறது. ஆனால் வெட்டும் அதிகாரம் இன்னும் வாரியத்திடம்தான் இருக்கிறது. அது இருக்கட்டும் என்பதே என் கட்சி. காவிரிக்கரையான் இதற்கு இசையமாட்டார் என்று தெரியும்.

காவிரிக்கரையான்:
இசையமாட்டேன். வயதைச் சொல்லட்டும், முக்கோணம் போகட்டும்.