போலந்து நாட்டில் குவாரி, சுரங்க உதிரிப்பாகங்களுக்குத் தேவை எப்படி இருக்கிறது?

கப்பலூர் பட்டறைக்காரர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மதுரையை அடுத்த கப்பலூர் தொழிற்பேட்டையில் பதினெட்டு ஆண்டுகளாகப் பட்டறை நடத்தி வருகிறேன். ஜல்லி கிரஷர்களில் கல்லைக் கடித்து நொறுக்கும் தாடைத் தகடான ஜா பிளேட், கோன் கிரஷருக்குரிய உள்கூம்பு உறையான மேன்டில், அதைச் சுற்றி நிற்கும் வெளி உறையான கான்கேவ் ஆகியவற்றைக் கோயம்புத்தூரில் மாங்கனீஸ் எஃகில் வார்த்து வாங்கி, இங்கே அளவு பிசகாமல் கடைந்து, அப்படியே மாட்டக்கூடிய நிலையில் கொடுப்பதே எங்கள் தொழில். தொடக்கத்தில் மேலூர் வட்டாரத்தையே நம்பியிருந்தோம். 2012-இல் அங்கே கிரானைட் குவாரிகள் மூடப்பட்டபோது, அவற்றின் கழிவுக் கல்லை வைத்து ஓடிய கிரஷர்களும் நின்றுபோயின. எங்கள் வரவில் பாதி சில மாதங்களில் இல்லாமல் போனது. அதன்பின் விருதுநகர், திண்டுக்கல் பக்கத்து வாடிக்கையாளர்களைக் கொண்டு நிமிர்ந்துவிட்டோம் என்றாலும், ஒரே வட்டாரத்தை நம்பித் தொழில் செய்யக் கூடாது என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விட்டு நீங்கவில்லை.

என் அக்காள் மகன் போலந்தில் க்ராகுவ் நகரில் படிக்கிறான். அந்த நாடு ஐரோப்பாவிலேயே பெரிய நிலக்கரி நாடு என்றும், சுரங்கக் கருவிகளுக்கு அங்கே எப்போதும் தேவை இருக்கும் என்றும் அவன் சொல்கிறான். ஆனால் நிலக்கரியையே கைவிடப்போவதாக ஐரோப்பா முழுவதும் பேசிக்கொண்டிருக்கும்போது, அந்தச் சந்தையை நம்பி வங்கிக் கடன் வாங்கிப் கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் புதிய சி.என்.சி. வெர்டிகல் லேத் (கடைசல் இயந்திரம்) போடலாமா என்பதே என் தயக்கம். அங்கே தேவை உண்மையில் எந்தப் பக்கம் நகர்கிறது, எங்களைப் போன்ற சிறிய பட்டறைக்கு அதில் இடம் உண்டா என்பதை, அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

உசிலம்பட்டி – வ்ரோட்ஸ்வாவ்

வணக்கம் அண்ணே. உசிலம்பட்டிதான் எனக்கும் சொந்த ஊர். ஏழு ஆண்டுகளாகப் போலந்தின் தென்மேற்கில், கீழ்ச் சிலேசியா மாகாணத்தில், கல் குவாரிகளுக்கு இயந்திரப் பராமரிப்பு செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். உங்கள் தயக்கம் சரியானது; ஆனால் அதற்கான காரணத்தைச் சற்று மாற்றிப் பார்க்க வேண்டும்.

முதலில் நிலக்கரியை எடுத்துக்கொள்வோம். 1990-இல் இங்கே கருநிலக்கரிச் சுரங்கங்களில் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் வேலை செய்தார்கள். இன்று எண்பதாயிரத்துக்கும் குறைவு. அன்று ஆண்டுக்கு 14 கோடி டன்னுக்கு மேல் வெட்டியவர்கள், இப்போது 5 கோடி டன்னுக்கும் கீழே வந்துவிட்டார்கள். 2015-இல் நாட்டின் மின்சாரத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் நிலக்கரியிலிருந்து வந்தது. 2024-இல் அது 60 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. 2021 மே மாதத்தில் அரசும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, மின்சாரத்துக்கான கருநிலக்கரியை வெட்டும் கடைசிச் சுரங்கம் 2049-இல் மூடப்படும். காட்டோவிட்ஸே பகுதியில் சுரங்க இயந்திரங்கள் செய்வதில் பெயர்பெற்றிருந்த ஃபாமுர் நிறுவனக் குழுமமே 2023-இல் க்ரெனேவியா என்று பெயரை மாற்றிக்கொண்டு, சூரிய மின்சாரம், மின்கலம் என்று வேறு துறைகளில் முதலீடு செய்து வருகிறது. உள்ளூரில் உயர்ந்து நின்றவர்களே வேறு வழி தேடும் இடத்துக்கு நாம் புதிதாகப் போக வேண்டியதில்லை.

ஆனால் இந்த நாட்டின் சுரங்கத் தொழில் நிலக்கரியோடு முடிந்துவிடவில்லை. லெக்னீட்ஸாவுக்கும் குவோகுவுக்கும் இடையே, 1957-இல் யான் விஷிகோவ்ஸ்கி என்ற நிலவியலாளர் கண்டறிந்த செம்புப் படிவம் இருக்கிறது. அங்கே கேஜிஹெச்எம் நிறுவனம் லூபின், ருட்னா, போல்கோவிட்ஸே-ஷெரோஷோவிட்ஸே என மூன்று சுரங்கங்களை நடத்துகிறது. ஆண்டுக்குச் சுமார் 3 கோடி டன் தாதுவை, சில இடங்களில் ஆயிரம் மீட்டருக்கும் கீழேயிருந்து, மேலே கொண்டுவந்து அரைக்கிறார்கள். 2024 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் முக்கிய மூலப்பொருள் சட்டம் செம்பையும் உத்திமுறைப் பொருளாகச் சேர்த்திருக்கிறது. மின்சார வண்டிக்கும் மின்கம்பிக்கும் செம்பு வேண்டும் என்பதால் இந்தத் தேவை எளிதில் குறையாது. இருந்தாலும் அவ்வளவு பெரிய நிறுவனத்துக்குள் நேரடியாக நுழைவது சிறிய பட்டறைக்குக் கடினம். ஏலம், போலிஷ் மொழியில் ஆவணங்கள், முன்அனுபவச் சான்று என்று வரிசையாகக் கேட்பார்கள். அவர்களுக்குச் சொந்தமாக ஸானாம் என்ற இயந்திரத் தயாரிப்பு நிறுவனமும் இருக்கிறது.

உங்களுக்கான இடம் கல் குவாரிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஸ்ட்ஷெகோம் என்ற சிறிய ஊருக்கு ஒருமுறை வந்து பாருங்கள். மேலூர் பக்கத்து நம் கீழவளவைப் பார்த்ததுபோல் இருக்கும்; ஊரைச் சுற்றிலும் கிரானைட் பள்ளங்கள், சாலையோரத்தில் அடுக்கிய சாம்பல் நிறக் கற்கள். அதே மாகாணத்தில் பசால்ட், மெலாஃபைர், காப்ரோ ஆகிய கடினப் பாறைகளை உடைக்கும் கிரஷர்கள் ஏராளம். நாட்டின் விரைவுச் சாலைகளும் அதிவேகச் சாலைகளும் சேர்ந்து 5,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டன. இன்னும் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வார்சாவுக்கும் உட்ஜுக்கும் நடுவே புதிய மத்திய விமான நிலையம், அதற்கான ரயில் பாதை, பால்டிக் கடலோரத்தில் முதல் அணுமின் நிலையம் என்று திட்டங்கள் வரிசையில் நிற்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் ஜல்லி வேண்டும். ஜல்லி உடைக்கும் ஒவ்வொரு நாளும் ஜா பிளேட் தேயும்.

இன்னொன்று, இது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாதது. இங்கே ஜனவரி, பிப்ரவரியில் பனி உறைந்து சாலை வேலை மந்தமாகும்போதுதான் பெரும்பாலான குவாரிகள் கிரஷரைத் திறந்து, தேய்ந்த உட்புறத் தகடுகளை, அதாவது லைனரை, மாற்றுகின்றன. அதற்கான ஆர்டரை இலையுதிர் காலத்திலேயே கொடுத்துவிடுவார்கள். டிசம்பரில் விலைப்பட்டியல் அனுப்பினால், அடுத்த ஆண்டுதான் யாராவது அதைத் திறந்து பார்ப்பார்கள். சுரங்கத்தையும் குவாரியையும் நேராக அணுகாமல், எங்களைப் போன்ற பராமரிப்பு நிறுவனத்தையோ உதிரிப்பாக விற்பனையாளரையோ பிடியுங்கள். வரைபடம் மெட்சோ, சான்ட்விக், உள்ளூர் மாக்ரும் ஆகிய கிரஷர்களுக்கு முதலில் தயாராக இருக்கட்டும்.

நெய்வேலி ஓய்வூதியர், திருநகர்

தம்பி உசிலம்பட்டிக்காரர் சொன்னதில் பெரும்பகுதி ஏற்கத்தக்கது. ஆனால் நிலக்கரியை ஒரேயடியாகத் தள்ளிவிட்டதில் எனக்கு உடன்பாடில்லை. முப்பது ஆண்டுகள் நெய்வேலிச் சுரங்கத்தில் ஜெர்மானியத் தொழில்நுட்பத்தில் வந்த பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்களோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மூடப்படப்போகும் சுரங்கம் புதிய இயந்திரம் வாங்காது, அதனாலேயே பழைய இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் அதிகமாக வாங்கும். வாளிப் பல், கன்வேயர் உருளை, செயின், பின் ஆகியவை கடைசி நாள் வரை தேய்ந்துகொண்டுதான் இருக்கும். போலந்தின் பெவ்ஹாதூவில் அதே இனத்து இயந்திரங்கள்தாம் பழுப்பு நிலக்கரியைத் தோண்டுகின்றன. அங்குள்ள அனல்மின் நிலையம் 5,000 மெகாவாட்டுக்கு மேல் திறன் கொண்டது. மேலும் எஃகு உருக்கத் தேவைப்படும் கோக்கிங் நிலக்கரி இன்னும் ஐரோப்பிய ஒன்றியத்தின் முக்கிய மூலப்பொருள் பட்டியலில் இருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஆயினும் நிலத்தடி நிலக்கரிக்குள் போகும் கருவி என்றால் மீத்தேன் போன்ற வெடிக்கும் வாயு சூழ்ந்த இடங்களுக்கான 2014/34 எண்ணுள்ள ஐரோப்பிய ஆணைக்கு உட்பட வேண்டும். அந்தச் சான்றுக்கு ஆகும் செலவைச் சிறிய பட்டறை தாங்காது. எனவே திறந்தவெளி என்றால் முயலலாம், நிலத்தடி என்றால் வேண்டாம்.

உலோகவியல் ஆசிரியை, மதுரை

சந்தையைப் பற்றி இருவரும் விரிவாக எழுதிவிட்டார்கள். நான் பொருளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஏனெனில் ஏற்றுமதி ஆர்டர் இரண்டாம் முறை வருமா வராதா என்பதை முடிவு செய்வது அதுதான்.

நீங்கள் வார்த்து வாங்கும் எஃகை 1882-இல் ஷெஃபீல்டில் ராபர்ட் ஹாட்ஃபீல்டு உருவாக்கினார். அதில் மாங்கனீஸ் 11 முதல் 14 விழுக்காடும், கார்பன் ஏறத்தாழ 1.2 விழுக்காடும் இருக்கும். போலந்துக்காரர்கள் தங்கள் பழைய தரநிலையில் இதை எல்120ஜி13 என்று எழுதுவார்கள். 120 என்பது கார்பனையும், 13 என்பது மாங்கனீஸையும் குறிக்கும். விலைப்பட்டியலில் அந்தக் குறியீட்டைப் பயன்படுத்தினால் அவர்களுக்கு உடனே புரியும். குவார்ட்ஸ் மிகுந்த கிரானைட்டை உடைக்கும் இடத்துக்கு 18 விழுக்காடு மாங்கனீஸும் 2 விழுக்காடு குரோமியமும் உள்ள வகையைக் கேட்கக்கூடும். அதற்கும் விலை தயாராக வைத்திருங்கள்.

வார்ப்பைவிட முக்கியமானது அதன் வெப்பச் சிகிச்சை. ஏறத்தாழ 1,050 டிகிரிக்குச் சூடேற்றிய பிளேட்டை உலையிலிருந்து எடுத்தவுடன் தண்ணீரில் இறக்க வேண்டும். இடையில் தொங்கவிட்டுத் தாமதித்தாலோ, தொட்டித் தண்ணீர் சூடேறியிருந்தாலோ, கார்பனும் உலோகமும் சேர்ந்த கார்பைடு, எஃகின் நுண்மணிகளுக்கு இடையேயான எல்லையில் படிந்து பிளேட் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பனியில் ஓடும் குவாரியில் அது நம் ஊரைவிடச் சீக்கிரம் வெடிக்கும். என் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒரு காந்தத்தை எடுத்துப் பிளேட்டின் மீது வைத்துப் பார்ப்பதைத்தான். சரியாகத் தணித்த, அதாவது தண்ணீரில் இறக்கிக் குளிரவைத்த, மாங்கனீஸ் எஃகில் காந்தம் ஒட்டாது. கார்பன் எரிந்துபோன மேல்தோலில் லேசாக ஒட்டும். சற்று இழைத்தபின் அந்த ஒட்டுதல் போய்விட வேண்டும். இழைத்த பிறகும் ஒட்டினால் அந்த வார்ப்பை வாங்காதீர்கள். தணித்தவுடன் 200 பிரினெல் கடினத்தன்மை அளவில் இருக்கும் அந்த மேற்பரப்பு, கல்லின் அடி வாங்கி வாங்கி 500-ஐத் தொடும். அடியே கிடைக்காத இடத்தில், அதாவது உரசல் மட்டும் இருக்கும் இடத்தில், இந்த எஃகு வீண். அதையும் வாங்குபவரிடம் நேர்மையாகச் சொல்லிவிடுவது நல்லது.

ஒவ்வொரு வார்ப்பிலும் அது எந்த உருக்கிலிருந்து வந்தது என்று காட்டும் உருக்கு எண்ணைப் பொறித்து, இ.என். 10204 தரநிலையின் 3.1 வகைச் சோதனைச் சான்றிதழோடு அனுப்புங்கள். ஐரோப்பாவில் அந்தத் தாள் இல்லாத இரும்பைத் தொடமாட்டார்கள்.

கப்பலூர் பட்டறைக்காரர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியை அம்மா சொன்ன காந்தச் சோதனையை இன்று காலையே செய்து பார்த்தேன். பட்டறை வாசலில், தேய்ந்து திரும்பி வந்த பழைய பிளேட்டுகள் ஆறு கிடக்கின்றன. பல்லெல்லாம் மழுங்கி, கீழ்ப்பகுதி வைகை ஆற்றுக் கூழாங்கல்லைப் போல வழவழவென்று ஆகிவிட்டவை. அவற்றில் நடுவே விரிசல் விட்டுத் திரும்பி வந்த இரண்டில் மட்டும், விரிசல் ஓரத்தை இழைத்த பின்னும் காந்தம் பிடித்தது. அந்த இரண்டும் ஒரே உலையில் ஒரே வாரத்தில் வார்க்கப்பட்டவை என்பதைப் பதிவேட்டில் கண்டேன். வாடிக்கையாளர் ஓட்டும் முறையில்தான் தவறு என்று இத்தனை நாள் அவரிடம் வாதாடியிருக்கிறேன். நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, மாற்றுப் பிளேட் கொடுத்துவிட்டு வரப்போகிறேன்.

புதிய லேத் வாங்கும் எண்ணத்தை இப்போதைக்கு ஒத்திவைக்கிறேன். இருக்கிற இயந்திரத்திலேயே இரண்டு ஜோடி ஜா பிளேட்டைச் செய்து மாதிரியாக அனுப்பிப் பார்க்க நினைக்கிறேன். உசிலம்பட்டித் தம்பி, எந்த கிரஷர், என்ன அளவு என்று தனிமடலில் தெரிவியுங்கள். இவ்வளவு எடையுள்ள பொருளைத் தூத்துக்குடியிலிருந்து அனுப்புவதில் கவனிக்க வேண்டியவை ஏதேனும் உண்டா?

தூத்துக்குடி சரக்கு முகவர்

ஐயா, இரண்டு ஜோடி என்றால் முழுக் கண்டெய்னர் தேவையில்லை. பகிர்வுச் சரக்காகக் கொழும்பு வழியாக க்தான்ஸ்க் துறைமுகத்துக்கு அனுப்பலாம். 2023 இறுதியிலிருந்து கப்பல்கள் செங்கடலைத் தவிர்த்து ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கியதில், பயணம் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை நீளும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் மாட்ட வேண்டிய பிளேட் அக்டோபர் தொடக்கத்திலாவது இங்கிருந்து கிளம்ப வேண்டும்.

இரும்பைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அதன் கீழே வைக்கும் மரக்கட்டையைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. மரம் உட்புறம் வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டு, மரத்தோடு பூச்சி பரவாமல் தடுக்கும் பன்னாட்டு விதியான ஐ.எஸ்.பி.எம். 15-இன் முத்திரை குத்தப்பட்டிருக்க வேண்டும். முத்திரை இல்லாத பட்டைக்கட்டைகளோடு போன ஒரு வாடிக்கையாளரின் சரக்கு துறைமுகத்திலேயே நிறுத்தப்பட்டு, பொருளின் விலையைவிடக் கிடங்கு வாடகை அதிகமானதைப் பார்த்திருக்கிறேன். சுங்கக் குறியீட்டை 8474 90, அதாவது நொறுக்கும் இயந்திரத்தின் பாகம் என்று போடுங்கள். வெறும் இரும்பு வார்ப்பு என்று எழுதிவிடாதீர்கள். வாங்குபவர் பணம் தராமல் போனால் ஈடு கிடைக்க, ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான இ.சி.ஜி.சி.யின் காப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி கட்டும் நாளன்று சொன்னால் நானே கப்பலூர் வந்து முத்திரையைப் பார்த்துவிட்டு ஏற்றுகிறேன்.